மலேசியாவில் இறங்கி, சிங்கப்பூரில் விமானம் ஏறுங்கள்

கேள்வி இதுதான்: “நானும் கணவரும், 66 வயது அப்பா, 61 வயது அம்மா, நாலு பேரும் முதல் தடவையாக வெளிநாடு போக நினைக்கிறோம். ஊர் திருச்சி. மலேசியா, சிங்கப்பூர், மொத்தம் ஏழு நாள். டூர்காரர் ஆளுக்கு 85 ஆயிரம் சொல்கிறார். நாங்களே டிக்கெட் போட்டுப் போனால் செலவு குறையுமா? அப்பாவுக்குச் சர்க்கரையும் முட்டிவலியும் இருக்கிறது. அம்மா பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருக்கிறது, அதனால் சிக்கல் வருமா?”

குறையும். டூர்காரர் கணக்கில் நாலு பேருக்கு 3 லட்சத்து 40 ஆயிரம். அதே ஏழு நாளை நீங்களே போட்டுக்கொண்டால், கூட்டமில்லாத மாதத்தில் இரண்டேகால் லட்சம் சுற்றி வரும் என்பது என் கணக்கு. ஏப்ரல், மே, டிசம்பர் என்றால் இன்னும் முப்பதாயிரம் சேர்த்துக்கொள்ளுங்கள். பதினைந்து வருடமாகச் சொந்தத்தில், தெருவில் யார் கிளம்பினாலும் டிக்கெட்டும் விசாவும் பார்த்துக் கொடுக்கிற வேலை என் தலையில்தான் விழுகிறது. கூலி, திரும்பி வரும்போது ஒரு பாட்டில் கோடாரித் தைலம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ‘ஆஃபர்’ தேடி ராத்திரி முழுக்க போனை நோண்டுவதில் மிச்சமாவது கொஞ்சம்தான். எந்த ஊரில் இறங்குவது, எந்த ஊரிலிருந்து கிளம்புவது என்ற ஒரு முடிவில் அதைவிட நிறைய மிச்சமாகும்.

பெரும்பாலானவர்கள் திருச்சி–சிங்கப்பூர் போக வர டிக்கெட் போட்டுவிட்டு, நடுவில் மலேசியாவுக்கு ஒரு எட்டு போய்த் திரும்புவார்கள். ஒரே பாதையில் இரண்டு தடவை பஸ், இரண்டு தடவை எல்லைச் சோதனை, ஒரு நாள் வீண். நீங்கள் திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு ஒருவழி, சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு ஒருவழி என்று தனித்தனியாக எடுங்கள். இரண்டுக்கும் திருச்சியிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது, நாலு மணி நேரச் சொச்சம்தான். மலிவுக் கட்டண விமானங்கள் ஒவ்வொரு வழிக்கும் தனியாகத்தான் விலை வைக்கின்றன. அதனால் பிரித்து எடுத்தாலும் நஷ்டமில்லை.

ஏன் மலேசியா முதலில் என்றால், மூன்று காரணம். பஸ் டிக்கெட்டைக் கோலாலம்பூரிலிருந்து எடுத்தால் ரிங்கிட்டில் விலை, சிங்கப்பூரிலிருந்து எடுத்தால் டாலரில் விலை. ஒரு ரிங்கிட் 20 ரூபாய்ச் சொச்சம், ஒரு சிங்கப்பூர் டாலர் 70 ரூபாய் பக்கம். அதே பஸ், அதே சாலை, ஆனால் தெற்கே வரும்போது மலிவு. இரண்டாவது, சிங்கப்பூரில் வாங்கும் பொருளுக்கு 9 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கிறது. 100 டாலருக்கு மேல் வாங்கினால், திட்டத்தில் சேர்ந்திருக்கும் கடைகளில் பாஸ்போர்ட் காட்டி அதைத் திரும்பப் பெறலாம். ஆனால் விமானத்தில் நாட்டைவிட்டுப் போகிறவர்களுக்குத்தான் அது. பஸ்ஸில் மலேசியாவுக்குள் போக ஜொகூர் பாலம் தாண்டுகிறவருக்குக் கிடையாது. மூன்றாவது, சுமை. வாங்குவதெல்லாம் கடைசி ஊரில் வாங்கினால், போகும்போது 15 கிலோ, வரும்போது 25 கிலோ என்று தேவையான வழிக்கு மட்டும் பெட்டி எடைக்குப் பணம் கட்டலாம்.

ஆறு ராத்திரியை இப்படிப் பிரிப்பேன்: கோலாலம்பூரில் மூன்று, மலாக்காவில் ஒன்று, சிங்கப்பூரில் இரண்டு. சிங்கப்பூர் ஹோட்டல் வாடகை கோலாலம்பூரைப்போல இரண்டு மடங்குக்கு மேல், அறையோ தீப்பெட்டி. அங்கே ராத்திரிகளைக் குறைப்பதுதான் செலவைக் குறைக்கிற நேர்வழி. சிலர் மலேசிய எல்லை ஊரான ஜொகூர் பாருவில் தங்கி தினமும் சிங்கப்பூர் போய்வரச் சொல்வார்கள். வேண்டாம். அந்தப் பாலத்து நெரிசலில் முட்டிவலிக்காரரை நிற்க வைத்து மிச்சம் பிடிக்கிற பணம் எனக்கு ஒட்டாது.

மலாக்காவைச் சேர்த்தது அப்பாவுக்காகத்தான். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரே மூச்சில் பஸ்ஸில் போனால் ஐந்து, ஆறு மணி நேரம், எல்லையில் வரிசை இருந்தால் அதற்கு மேல். மலாக்காவில் இறங்கினால் முதல் நாள் இரண்டு மணி நேரம், மறுநாள் மிச்சம். 2008-ல் யுனெஸ்கோ உலக மரபு ஊராக அறிவித்த இடம், நடந்தே பார்த்துவிடலாம். 1781-ல் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில் அங்கே இருக்கிறது. அதைப் பராமரிப்பவர்கள் மலாக்காச் செட்டிகள். பல நூறு வருடம் முன்பு வணிகத்துக்கு வந்த தமிழர்களின் வழிவந்தவர்கள், வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது பிள்ளையார். டூர்காரர் பட்டியலில் இந்தக் கோயில் அநேகமாக இருக்காது.

எல்லை கடப்பதைப் பற்றி ஒன்று. மலேசியப் பக்கம் ஒருமுறை, சிங்கப்பூர்ப் பக்கம் ஒருமுறை பஸ்ஸைவிட்டு இறங்கவேண்டும். சிங்கப்பூர்ப் பக்கம் எல்லாப் பெட்டியையும் இறக்கிச் சோதனைக்குத் தள்ளிக்கொண்டு போகணும். உங்களால் தாமதமானால் பஸ் காத்திருக்கும் என்று நம்பவேண்டாம். பஸ் எண்ணைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி சாயங்காலம், ஞாயிறு சாயங்காலம், சிங்கப்பூரின் நீண்ட விடுமுறை நாட்கள் மூன்றையும் தவிருங்கள்.

இப்போது அம்மாவின் பாஸ்போர்ட். நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தலைவலி இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்காரர்கள் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள். அதில் சிலர் அப்பா பெயரைச் சர்நேமில் போடுவார்கள், சிலர் எல்லாவற்றையும் ‘கிவன் நேம்’ கட்டத்தில் எழுதி சர்நேமைக் காலியாக விடுவார்கள். மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் அதனால் நுழைவு தடைபடாது. (துபாய் போவதாக இருந்தால் கவனம் வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு அங்கே 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள்.) சிக்கல் வருவது விமான டிக்கெட் போடும்போது. கடைசிப் பெயர் கட்டத்தைக் காலியாக விட இணையதளம் ஒத்துக்கொள்ளாது. உடனே நாம் ஆதாரில் இருக்கிற இனிஷியலைத் தட்டிவிடுவோம். அல்லது கணவர் பெயரைப் போட்டுவிடுவோம். அதுதான் தப்பு. பல நிறுவனங்கள் கிவன் நேமையே இரண்டு கட்டத்திலும் போடச் சொல்கின்றன, சில வேறு குறியீடு கேட்கின்றன. பணம் கட்டும் முன் அந்த விமான நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் ‘ஒற்றைப் பெயர்’ பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். மற்ற மூவருக்கும் பாஸ்போர்ட்டில் கீழே இரண்டு வரியில் அம்புக்குறி அம்புக்குறியாக ஓடுகிறதே, அதில் இருக்கும் எழுத்தும் வரிசையும்தான் வேதவாக்கு. ஆதார், பான் இரண்டையும் எடுத்து உள்ளே வையுங்கள்.

என் சித்திக்கு ஒருதடவை டிக்கெட்டில் ஓர் எழுத்து மாறிவிட்டது. மலிவாக இருக்கிறதென்று பெயர் தெரியாத ஒரு தளத்தில் போட்ட டிக்கெட். திருத்தக் கேட்டால் விமான நிறுவனம் தளத்தைக் கைகாட்டியது, தளம் விமான நிறுவனத்தைக் கைகாட்டியது. கடைசியில் கட்டிய திருத்தக் கட்டணம், மிச்சம் பிடித்ததைப்போல நாலு மடங்கு. அன்றிலிருந்து என் வழக்கம்: விலை ஒப்பிடுவதற்கு எந்தத் தளமும் சரி, வாங்குவது விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில்தான்.

பாஸ்போர்ட் நாலும் போய்ச் சேரும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கவேண்டும். இதை இன்று ராத்திரியே எடுத்துப் பாருங்கள்.

விசா. மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களை 30 நாள்வரை விசா இல்லாமல் விடுகிறது. சலுகைக்குக் கெடு வைத்து நீட்டித்துக்கொண்டே வருகிறார்கள், கிளம்பும் முன் ஒருமுறை உறுதிசெய்யுங்கள். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்பவேண்டும். சிங்கப்பூருக்கும் அப்படியே ஒரு வருகை அட்டை, அதுவும் மூன்று நாளுக்குள். பஸ்ஸில் போனாலும் உண்டு. இரண்டும் இலவசம். தேடினால் முதலில் வருவது அரசுத் தளத்தைப் போலவே வேஷம் போட்ட, ஆளுக்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் தளங்கள். பணம் கேட்டால் அது போலி என்று வெளியே வந்துவிடுங்கள்.

சிங்கப்பூருக்கு விசா வேண்டும். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். அங்கீகரித்த ஏஜென்ட் வழியாகப் போட்டால் அவர் கூலி சேரும். அங்கே குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ள சொந்தக்காரர் இருந்தால், திருச்சியில் அது அபூர்வமில்லை, அவரே தன் கணக்கிலிருந்து இணையத்தில் விண்ணப்பித்துத் தரலாம். ஏஜென்ட் கூலி மிச்சம். பயணத்துக்கு 30 நாளுக்குள்தான் விண்ணப்பம் வாங்குவார்கள், விமான டிக்கெட்டோ இரண்டு மாதம் முன்பே எடுத்தால்தான் மலிவு. அதனால் டிக்கெட்டை முதலில் எடுங்கள், ஹோட்டலை ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில் மட்டும் போடுங்கள். விசா கையில் வராமல் திருச்சியைவிட்டுக் கிளம்பவேண்டாம்.

கோலாலம்பூர் குடிநுழைவில் கேள்வி கேட்பார்கள். வேலைக்கு ஆள் அனுப்பும் சிலர் ‘சுற்றுலாவாகப் போ, அங்கே வேலை’ என்று நம் பிள்ளைகளை ஏற்றிவிட்டு ஏற்றிவிட்டு, நம் பக்கத்து முகங்களைப் பார்த்தாலே அவர்களுக்குச் சந்தேகம். குடும்பமாகப் போகிற உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் இராது. ஆனாலும் ஹோட்டல் பதிவு, சிங்கப்பூர் பஸ் டிக்கெட், சிங்கப்பூர் விசா, திரும்பும் விமான டிக்கெட் நாலையும் காகிதத்தில் அச்சடித்து, ஒரு செட் உங்களிடம், ஒரு செட் அப்பாவிடம் கொடுங்கள். போனில் இருக்கிறதே என்று நினைக்கவேண்டாம். வரிசையில் அப்பா வேறு கவுன்டருக்குப் போய்விட்டால் போன் உங்கள் கையில்தான் இருக்கும்.

பெட்டிக்கு வருவோம். மலிவு விமானங்களில் கைப்பை 7 கிலோ என்றால் 7 கிலோதான், சிலவற்றில் தோள்பையும் சேர்த்து. என் மாமா ஒருவர் அதிரசமும் முறுக்கும் அடைத்த பையைக் கவுன்டரில் வைத்தார், 9.4 காட்டியது. அவர் அங்கேயே கட்டிய பணத்துக்குத் தில்லைநகரில் இரண்டு கல்யாணச் சீர் முறுக்கு வாங்கலாம். டிக்கெட் போடும்போதே எடை வாங்கினால் மலிவு, பிறகு சேர்த்தால் கூடுதல், விமான நிலையத்தில் கொள்ளை. நாலு பேருக்கும் நாலு பெட்டி எடை வாங்காதீர்கள், போகும்போது இரண்டு பேருக்கு வாங்கினால் போதும். வீட்டில் ஒரு கைத் தராசு வைத்திருங்கள், முந்நூறு நானூறு ரூபாய்தான்.

சாப்பாட்டுப் பொடி, ஊறுகாய் எடுக்காமல் அம்மா கிளம்பமாட்டார்கள். ஊறுகாயும் நெய்யும் கைப்பையில் போகாது, உள்ளே போகும் பெட்டியில் வையுங்கள். கொப்பரைத் தேங்காய் எதிலும் வேண்டாம், எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் பொருளாகக் கருதுகிறார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் கசகசா. நமக்குக் குருமாவுக்கு அரைக்கிற சாமான். சிங்கப்பூரில் அது போதைப்பொருள் துறையின் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது, அரபு நாடுகளில் அதற்காகச் சிறைக்குப் போனவர்களே உண்டு. வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் கசகசா சேர்ந்திருக்கிறதா என்று அம்மாவைக் கேளுங்கள். சந்தேகமிருந்தால் பொடியே வேண்டாம். மெல்லும் புகையிலை, புகையிலை சேர்ந்த பான் மசாலா, சூயிங் கம், மின்சிகரெட் எதையும் சிங்கப்பூருக்குள் கொண்டுபோகக் கூடாது. சிகரெட்டுக்கு ஒரு பாக்கெட்டுக்குக்கூட வரிச் சலுகை கிடையாது. பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான்.

அப்பாவின் மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் கொட்டாமல், பட்டையோடு, மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். இன்சுலின் போடுகிறவர் என்றால் அதுவும் கைப்பையில்தான், பெட்டி போகும் விமானத்தின் அடிவயிற்றில் உறைந்துபோக வாய்ப்புண்டு. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை மூன்று மாத அளவுக்குள் கொண்டுபோகத் தடையில்லை. தூக்க மாத்திரை, கோடீன் உள்ள இருமல் மருந்து, கடுமையான வலி மாத்திரை இவற்றுக்குச் சிங்கப்பூரில் முன்அனுமதி வேண்டும். முட்டிவலிக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பயணக் காப்பீட்டில் சர்க்கரையை மறைக்காமல் எழுதுங்கள். கொஞ்சம் கூடுதல் பிரீமியம் வரும். மறைத்த காப்பீடு, சிங்கப்பூர் மருத்துவமனையில் ஒரு ராத்திரி படுத்தால் வெறும் காகிதம். வீல்சேர் வேண்டுமென்று டிக்கெட் போடும்போதே பதிவு செய்யுங்கள். அப்பா ‘எனக்கெதுக்கு’ என்பார். கோலாலம்பூர் இரண்டாம் முனையத்தில் விமானத்திலிருந்து குடிநுழைவுவரை நடந்து பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

பணம். வெளிநாட்டில் கார்டு தேய்த்தால் வங்கி ‘மார்க்-அப்’ என்று பிடிக்கும், பல கார்டுகளில் 3.5 சதவீதம். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 4.13. லட்ச ரூபாய் செலவழித்தால் 4,130 ரூபாய் சத்தமில்லாமல் போகும். மார்க்-அப் இல்லாத கார்டுகள் இப்போது பல வங்கிகளில் கிடைக்கின்றன, ஒரு மாதம் முன்பே விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளுங்கள். நம் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே இருக்கும், வங்கிச் செயலியில் போய்த் திறந்துவிட வேண்டும். கடையில் போய் நின்றுகொண்டு திறக்கலாம் என்றால் இணையம் கிடைக்காது.

கார்டு மெஷினில் இன்னொரு பொறி. கோலாலம்பூரில் ஒரு துணிக்கடையில் 200 ரிங்கிட்டுக்குப் பில் போட்டேன். மெஷினைத் திருப்பிக் காட்டினார் கடைப்பெண். திரையில் இரண்டு கட்டம். ஒன்றில் 200 ரிங்கிட், இன்னொன்றில் அதற்கான ரூபாய்த் தொகை, பக்கத்தில் நம் கொடி. ரூபாயில் பார்த்ததும் மனசு அதைத்தான் தொடச் சொல்லும். அன்றைய விலைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ரூபாய்க் கட்டத்தில் இருநூறு ரூபாய்க்கு மேல் கூடுதல். அந்த மாற்று விலையை வைப்பது நம் வங்கி இல்லை, மெஷின்காரர்கள். எப்போதும் அந்த ஊர் நாணயத்தைத்தான் தொடவேண்டும். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், இதே பதில். சில கடைக்காரர்கள் நம்மைக் கேட்காமலே ரூபாயைத் தட்டிவிடுவார்கள், அதனால் மெஷினைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

ரொக்கத்துக்கு, திருச்சியிலேயே அங்கீகாரம் பெற்ற நாணய மாற்றுக் கடையில் 500 ரிங்கிட்டும் 150 சிங்கப்பூர் டாலரும் வாங்கினால் போதும். விமான நிலையக் கவுன்டரில் வாங்கவேண்டாம். அமெரிக்க டாலர் வாங்கிப்போய் அங்கே மாற்றுவது பழைய பழக்கம், இரண்டு தடவை மாற்றினால் இரண்டு தடவை நஷ்டம். குறைந்தால் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலும் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவிலும் ரூபாய் நோட்டையே வாங்கிக்கொள்ளும் மாற்றுக் கடைகள் இருக்கின்றன. இந்திய ரூபாய் ஆளுக்கு 25 ஆயிரம்வரை வெளியே எடுத்துப்போகலாம்.

டூர்காரரிடமே போவதென்று முடிவெடுத்தாலும் சொல்கிறேன்: பேக்கேஜ்மேல் டிசிஎஸ் என்று ஒரு வரி பிடிப்பார்கள், அது கட்டுபவரின் பான் எண்ணில் ஏறும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், வரி இல்லையென்றால் திரும்பி வரும். அவர் சொன்ன 85 ஆயிரத்தில் டிசிஎஸ், ஜிஎஸ்டி, விசா, மதியச் சாப்பாடு, டிப்ஸ் எல்லாம் அடக்கமா என்று எழுத்தில் கேளுங்கள். பாதி அடங்காது.

போன். இரண்டு நாட்டுக்கும் சேர்த்து வேலைசெய்யும் ஒரு ஈ-சிம் (அட்டை இல்லாமல் போனிலேயே ஏற்றிக்கொள்ளும் சிம்) உங்களுக்கு, ஒன்று கணவருக்கு. அப்பா அம்மாவுக்கு ஹாட்ஸ்பாட் போதும். இந்திய சிம்மை எடுத்து எறியாதீர்கள், வங்கி ஓடிபி அதில்தான் வரும். டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிட்டு, வருகிற அழைப்பை எடுக்காமல் விடுங்கள். வாடகைக் கார் கூப்பிடும் கிராப் செயலியை இங்கேயே நிறுவி, நம் எண்ணில் பதிந்துவிடுங்கள். ஹோட்டல் பெயரும் முகவரியும் எழுதிய துண்டுக் காகிதம் ஒன்று அப்பாவின் சட்டைப் பையில் இருக்கட்டும்.

கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து நகருக்கு அதிவேக ரயில் அரைமணி நேரம், ஆளுக்கு 55 ரிங்கிட். நாலு பேருக்கு 220. கிராப் கார் பிடித்தால் நெரிசலைப் பொறுத்து 70 முதல் 100 ரிங்கிட்டில் ஹோட்டல் வாசலில் இறக்கிவிடும். பஸ் இன்னும் மலிவு. தனியாள் என்றால் பஸ், பெட்டியும் பெரியவர்களும் என்றால் கிராப். மலேசியா முழுக்க நாலு பேருக்கு இந்தக் கணக்குதான். சிங்கப்பூரில் தலைகீழ்: அங்கே கார் விலை, ரயிலும் பஸ்ஸும் ஓரிரு டாலர். நம் வங்கியின் தொடுகார்டையே வாசலில் தட்டிப் போகலாம், ஆனால் வெளிநாட்டுக் கார்டுக்கு நாளொன்றுக்கு 60 சிங்கப்பூர் சென்ட் தனியாகப் பிடிப்பார்கள். ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும், ஒரே கார்டை நாலு பேரும் தட்டமுடியாது.

கோலாலம்பூரில் தங்குமிடம் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் பாருங்கள். மத்திய ரயில் நிலையம் நடக்கிற தூரம், வாழையிலைச் சாப்பாடு தெருவுக்குத் தெரு, பேச்சு தமிழ். ஹோட்டலில் வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாக வாங்குவார்கள். இணையத்தில் கட்டிய தொகையில் அது சேராமல் இருக்கலாம், ஏமாற்றுகிறார்கள் என்று சண்டை போடவேண்டாம். பத்துமலைக்கு அங்கிருந்தே ரயில், ஆளுக்கு மூன்று ரிங்கிட்டுக்குள். 272 படி. காலை ஏழரைக்குள் போனால் வெயிலும் இல்லை, கூட்டமும் இல்லை. அப்பாவை ஏறச் சொல்லாதீர்கள், அடிவாரத்தில் 42.7 மீட்டர் முருகனும் சின்னச் சன்னதிகளும் இருக்கின்றன. தைப்பூசத்தன்று முருகனைப் பார்ப்பது ஒரு பாக்கியம்தான், ஆனால் பெரியவர்களோடு முதல் பயணமாக அந்த வாரத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

அப்பாவின் தேநீருக்கு ஒரு வழி. அங்கே ‘தே’ என்று மட்டும் கேட்டால் கெட்டியான இனிப்புப் பாலை ஊற்றிக் கொடுப்பார்கள், அதில் தனியாகச் சர்க்கரை போடாவிட்டாலும் சர்க்கரைதான். ‘தே ஓ கொசோங்’ என்றால் பாலும் சர்க்கரையும் இல்லாதது. ‘தே சி கொசோங்’ என்றால் இனிப்பில்லாத பால் ஊற்றியது. காப்பிக்கு ‘கொப்பி சி கொசோங்’. இரண்டு நாட்டிலும் செல்லும் வார்த்தை, முதல் நாளே அப்பாவுக்கு மனப்பாடம் ஆகிவிடும். நீங்கள் சைவமென்றால் சம்பல் என்கிற மிளகாய்த் துவையல் விஷயத்தில் கேட்டுச் சாப்பிடுங்கள், பெரும்பாலும் இறால் கலவை அரைத்திருப்பார்கள்.

சிங்கப்பூரில் சாப்பாட்டுக்கு தேக்கா சந்தையின் உணவுக் கடைகள், ஐந்தாறு டாலரில் ஒருவேளை முடிந்துவிடும். குழாய்த் தண்ணீரே குடிக்கலாம், பாட்டில் கொண்டுபோங்கள். மெர்லயன் என்ற சிங்கத்தலை மீன் சிலை, ‘கார்டன்ஸ் பை தி பே’ பூந்தோட்டத்தின் ராட்சதச் செயற்கை மரங்களில் ராத்திரி 7.45-க்கும் 8.45-க்கும் நடக்கும் ஒளிக்காட்சி, சாங்கி விமான நிலையத்தின் 40 மீட்டர் உள்ளருவி எல்லாமே இலவசம். அருவியைத் திரும்பும் நாளில் பார்த்துக்கொள்ளலாம், அதற்கென்று இரண்டு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். கேளிக்கைப் பூங்காவுக்கு நாலு பேருக்கும் டிக்கெட் எடுக்காதீர்கள். பெரியவர்கள் உள்ளே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் இருவர் போங்கள், அவர்கள் சிராங்கூன் சாலையில் வீரமாகாளி அம்மனைப் பார்த்துவிட்டு அறையில் ஓய்வெடுக்கட்டும்.

ஜிஎஸ்டி திரும்பப் பெறும் பொருட்களைப் பெட்டிக்குள் போட்டு அனுப்புவதானால், பெட்டியைக் கொடுப்பதற்கு முன்பே சாங்கியில் அந்த இயந்திரத்தில் பதிந்துவிட வேண்டும். பொருளைக் காட்டச் சொல்லலாம், அதனால் மேலாக வையுங்கள்.

கடைசியாக நகை. அம்மா தாலிக்கொடியும் வளையலும் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். கனமாக இருந்தால் போகும்போதே திருச்சி சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளலாம். அரைமணி நேர வேலை, திரும்பும்போது ‘அங்கே வாங்கியதா’ என்ற கேள்விக்குப் பதில் கையில் இருக்கும். சிங்கப்பூரில் தங்கம் வாங்கி வரலாம் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள். பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம் என்று சொல்கிற சலுகை, ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவர்களுக்கு. ஏழு நாள் போய் வருகிற உங்களுக்கு அதில் ஒரு கிராம்கூடக் கிடையாது.